ஒரே வரியில் இரண்டு உயிர்

ஆட்டுச்சுனையில் எழுதியது எழுதியபடியே நடக்க ஆரம்பித்தது, ஐப்பசியின் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான்; அன்றைக்குச் சமுத்திரம் வழக்கம்போலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போனபோது, அங்கே பெஞ்சின் வடக்கு ஓரத்தில், அதே துண்டை அதே மாதிரிக் கட்டிக்கொண்டு, அதே சமுத்திரம் ஏற்கெனவே உட்கார்ந்து பாதி டீயைக் குடித்திருந்தார். வந்தவர் இருந்தவரைப் பார்த்தார். இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். டீக்கடைக்காரர் இன்னொரு கிளாஸைக் கழுவினார்.

"எங்கேருந்து வாரீரு வே?" என்று கேட்டார் இருந்தவர்.

"வீட்டுலேருந்துதான். கிணத்துத் தெருவுலேருந்து."

"நான் தெக்குத் தெருவுலேருந்து வாரேன்."

"அந்த வீட்டைப் பூட்டி ரெண்டு வருசம் ஆச்சே வே."

"யாரு பூட்டுனா? நான் இப்பத்தானே தொழுவத்துல சாணி அள்ளிப் போட்டுட்டு வாரேன்."

இருவரும் தங்கள் கைகளை முகர்ந்து பார்த்தார்கள். இரண்டு பேர் கையிலும் சாணி வாடை இருந்தது. பிறகு இருவரும் டீயைக் குடித்தார்கள்.

அதே காலையில் கீழத் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு வெள்ளாடும் ஒரு சேவலும் ஒரு நாயும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய முடியாமல் நின்றன; ஆடு வேப்பங்குழைக்கு எட்டினால் சேவல் இழுபட்டது, நாய் குரைத்துக்கொண்டு ஓடினால் ஆடுகள் இரண்டும் கூடவே ஓடின, சேவல் சுவரில் ஏறினால் மூன்று கழுத்துகள் அண்ணாந்தன. அன்றைக்குத் தெற்குத் தெரு ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்காகப் போட்ட மேசையின் இரண்டு கால்கள் பள்ளிக்கூட மைதானத்திலும் மற்ற இரண்டு கால்கள் குளத்தங்கரைப் புளியமரத்தடியிலும் நின்றன. நடுவில் பலகையைக் காணோம், ஆனால் மருந்துப் பாட்டில்கள் தார்ச்சாலைக்கு மேலே வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தன. ஒன்பது மணி பஸ் வந்தது. டிரைவர் பாட்டில்களைப் பார்த்தார், ஹாரன் அடித்தார், பிறகு வண்டியைத் திருப்பிக் கோயிலைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஏன் இப்படி என்று கேட்டவர்கள் அந்த ஊரில் குறைவு. எப்படிச் சமாளிப்பது என்று கேட்டவர்களே அதிகம்.

காரணம் முதலில் பாதியாவது தெரிந்தது உலகுவுக்கு. மேலத் தெருச் சொர்ணத்தின் ஒரே மகள் உலகம்மாள், அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், மாட்டாஸ்பத்திரியின் பெரிய ரிஜிஸ்தரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மூன்று மாதத்துக்கு மட்டும் என்று வேலைக்கு எடுக்கப்பட்டவள். முந்தின நாள் நாற்பத்தோராம் பக்கத்தை ஏற்றும்போது சமுத்திரத்தின் மூன்று எருமைகளும் மூன்று வரிகளில் இருப்பதையும், ஒரு வரியில் அவர் கிணற்றுத் தெருவிலும் மற்ற இரண்டில் தெற்குத் தெருவிலும் இருப்பதையும் பார்த்து, எதை நம்புவது என்று தெரியாமல் மூன்றையும் இருந்தபடியே ஏற்றியிருந்தாள். அதனால்தான் இரண்டு சமுத்திரம் வந்துவிட்டாரோ என்ற பயத்தில் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கம்பவுண்டர் அருளப்பனிடம் போய், "சார், தப்பு என்மேலதான்னு நினைக்கேன்" என்று உள்ளதைச் சொன்னாள்.

அருளப்பன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நீ ஏத்துனது நாப்பத்தோரு பக்கம். கீழத் தெரு ஆடும் சேவலும் தொண்ணூறாம் பக்கம். நீ இன்னும் அங்கிட்டே போகலையே."

சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பு நின்றது. தொண்ணூறாம் பக்கத்தைத் திருப்பினார். தாள் மிச்சம் பிடிப்பதற்காக அவரே ஒரு கட்டத்துக்குள் நெருக்கி எழுதியிருந்தார்: வெள்ளாடு இரண்டு, சேவல் ஒன்று, நாய் ஒன்று.

அந்த ரிஜிஸ்தர் அருளப்பனின் இருபத்திரண்டு வருட உழைப்பு. ஆடோ மாடோ கோழியோ, உருப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அந்த வரியிலேயே உருப்படியின் பேர், நிறம், வயது, சொந்தக்காரர் பேர், அவர் தெரு, அந்தத் தெருவுக்கு முகாம் நடக்கும் இடம், போட்ட ஊசி எல்லாம். "ஒரு வரியில விரலை வெச்சா எல்லாம் தெரியணும். பக்கம் புரட்டுற வேலையே கூடாது" என்பது அவர் கொள்கை. மாடோ ஆடோ செத்துப்போனால் சிவப்பு மையில் அந்த வரியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடாக அடிப்பார். அந்தக் கோடு வளையாது, மை சிந்தாது. இப்போது, எந்த வேளையில் எப்படி என்று யாருக்கும் தெரியாமல், முத்திரை குத்திய அந்த ரிஜிஸ்தரில் எழுதியதுதான் ஊர் என்று ஆகிவிட்டிருந்தது.

பத்து நாளில் ஆட்டுச்சுனை பழகிக்கொண்டது. டீக்கடையில் சமுத்திரங்களுக்கென்று இரண்டு கிளாஸ் தனியாக ஒதுக்கப்பட்டன. தெற்குத் தெருச் சமுத்திரம் வயல் வேலைக்கும் கிணற்றுத் தெருச் சமுத்திரம் கல்யாணம் காதுகுத்துக்கும் போவதென்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். சமுத்திரத்தின் பெண்டாட்டி மட்டும், "ஒத்த ஆளைக் கட்டிக்கிட்டுப் பட்டதே போதும்னு இருந்தேன், இப்ப மோரு ரெண்டு செம்பு வேணும்ங்காவ" என்று குழாயடியில் புலம்பினாள். புலம்பினாலும் இரண்டு செம்பும் கொடுத்தாள். முகாமுக்கு டாக்டரம்மா நிலோஃபர் பாதி ஊசியைப் பள்ளிக்கூடத்திலும் பாதி ஊசியைப் புளியமரத்தடியிலும் போட்டார். அந்த மாதம் புதிதாக வந்த ஜெபராஜ் வாத்தியார் வீடு பிடித்துத் தனியாக உலை வைத்தும் அவர் பேச்சு யார் காதிலும் விழவில்லை, கடையில் அரிசி கேட்டால் கடைக்காரர் அவருக்குப் பின்னால் நின்றவரிடம், "உமக்கென்ன வேணும்?" என்றார். வாத்தியாரிடம் ஆடு மாடு இல்லை, ஆகையால் அவர் வீட்டுக்கு வரி இல்லை, வரி இல்லாத வீட்டுக்குக் குரல் இல்லை. அவர் வெளியூர்ச் சந்தையில் ஒரு வாத்தை வாங்கி, சீட்டில் எழுதிக் காட்டி அதற்கு ஒரு வரி பதிந்த பிறகுதான், வகுப்பில் பிள்ளைகள் முதல்முறையாக அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

இதெல்லாம் சிரித்துச் சமாளிக்கிற மாதிரிதான் இருந்தது, கோவில்பிச்சையின் ஆடு சாகிறவரைக்கும்.

கோவில்பிச்சைக்கு இருந்தது ஒரே ஒரு செம்மறி ஆடு. அது ஒரு வெள்ளிக்கிழமை செத்தது. அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "செத்துப்போச்சு அருளப்பா, கணக்குல எடுத்துரு" என்றார். அருளப்பன் கைப்பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, பேசிக்கொண்டே, வளையாமல் ஒரு கோடு போட்டார். கோடு ஓரத்தைத் தொட்டபோது பெஞ்சில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. அதில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

அவர் மனைவி மனோன்மணி அழுதுகொண்டே ஒரு கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அருளப்பன் உடனே புதிய வரி எழுதினார்: கோழி, ஒன்று, கறுப்பு, சொந்தக்காரர் கோவில்பிச்சை, நடுத்தெரு. மை காய்ந்ததும் கோவில்பிச்சை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஊரே மூச்சு விட்டது. அவர் மனோன்மணியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார், "நீங்க யாரு, தாயி?"

அவர் திரும்பி வந்திருந்தது அந்த வரி எவ்வளவோ அவ்வளவு மட்டும்தான். தன் பேர் தெரிந்தது, தெரு தெரிந்தது, தனக்கு ஒரு கறுப்புக் கோழி இருக்கிறது என்று தெரிந்தது. மனோன்மணியோடு வாழ்ந்த முப்பது வருடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆட்டுச்சுனையில் சாவு பெரிய தொந்தரவாகிவிட்டது. தெற்குத் தெருச் சமுத்திரத்தின் எருமை ஒன்று செத்தபோது, அவருக்கு இன்னொரு வரி இருந்தும், அருளப்பன் கோடு போடப் பயந்தார். கோடு போடாததால் எருமை விழவில்லை. அசை போடாமல், கண் இமைக்காமல், காக்கை கொத்தினாலும் வாலை ஆட்டாமல் மூன்று நாள் நின்றது. மூன்றாம் நாள் அதன் கண்ணிலிருந்து நீர் வடிவதைப் பார்த்த இரண்டு சமுத்திரங்களும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து கும்பிட்டார்கள். எருமையின் பேரை மட்டும் அடித்துவிட்டுச் சொந்தக்காரர் பேரை விட்டுவிடலாம் என்று அருளப்பன் பாதி வரிக்கு மட்டும் கோடு போட்டுப் பார்த்தார். அவர் பேனாவை மூடி வைப்பதற்குள் கோடு தானாகவே ஊர்ந்து ஊர்ந்து ஓரம்வரைக்கும் போய் நின்றது. வரி என்றால் முழு வரிதான். எருமை விழுந்தது; மிச்சம் ஒரு வரி இருந்ததால் தெற்குத் தெருச் சமுத்திரம் தப்பினார். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கோழி வாங்கி இன்னொரு வரியில் தங்களைக் கட்டிவைத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே வியாபாரியிடம் வாங்கியதால் அடுத்த வாரமே எல்லாக் கோழிக்கும் ஒன்றாகக் கழிச்சல் நோய் வந்தது. நோய் அடங்கும்வரை புதிதாக எந்த உருப்படியும் ஊருக்குள் வரக் கூடாது என்று தடையும் வந்தது.

உலகுவின் அம்மா சொர்ணத்துக்கும் அப்படி ஒரு கோழி வந்து, இரண்டே நாளில் போனது. மிஞ்சியது சிவப்பி மட்டும். உலகுவின் அப்பா தவறிப்போன வருடம் கன்றாக வந்த பசு; அதன் பாலை வீடு வீடாக ஊற்றித்தான் சொர்ணம் மகளைக் கல்லூரிவரைக்கும் படிக்க வைத்தாள். சிவப்பிக்கு இப்போது பதினாறு வயது, வயிற்றில் கட்டி. டாக்டரம்மா நிலோஃபர் கையுறையைக் கழற்றிவிட்டு, "உலகு, உங்கிட்ட மறைக்க முடியாது. பத்து நாள். கூடிப்போனா பதினைஞ்சு" என்றார்.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில், ஏழாவது வரியில், சிவப்பியும் சொர்ணமும் ஒன்றாக இருந்தார்கள். சொர்ணத்துக்கு வேறு வரி கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் சொர்ணம் தொழுவத்தில் உட்கார்ந்து சிவப்பியின் வயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வந்ததுலேருந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்க. நான் எங்கயும் போகல."

"அம்மா..."

"நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. நான் போயிட்டா நீ எழுதி வரவழைச்சிராத. பேரும் தெருவும் மட்டும் தெரிஞ்ச ஒருத்தி இந்த வீட்டுல நின்னுக்கிட்டு உன்னைய யாருன்னு கேக்க வேண்டாம்."

உலகு ஒத்தடத் துணியை வாங்கி வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள்.

"இன்னொண்ணு. அதுக்காக இதை நிக்க வெச்சிராத. சமுத்திரம் எருமை நின்ன மாதிரி என் மாடு நிக்கக் கூடாது. அது பட்டது போதும்."

"ஒரு வாரம் குடும்மா" என்றாள் உலகு. "ஒரே ஒரு வாரம்."

"என்னத்த பண்ணப் போற?"

"தெரியல. ஆனா பண்ணுவேன்."

உலகு கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் ஒரு முறை தோற்றவள். இரண்டாம் முறை தேறியதும் புரிந்து அல்ல. தகவலை எப்படிப் பிரித்து எழுதுவது என்று சொல்லும் நார்மலைசேஷன் என்ற பாடத்தில் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று இருந்ததை அப்படியே மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் இறக்கிவைத்துவிட்டு வந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட, யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டுவிடுவார்களோ என்றுதான் மேடையிலிருந்து அவசரமாக இறங்கினாள். அம்மாவிடம் தவணை கேட்ட மறுநாள் ரிஜிஸ்தரை விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக, ஊரில் நடப்பதையும் தாளில் இருப்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, மனப்பாடம் செய்த வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து நடந்து வந்து அவள் முன்னால் நின்றன. ஒரு கட்டத்துக்குள் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். நாலைத் திணித்ததால்தான் ஆடும் சேவலும் நாயும் பிரிய முடியவில்லை. ஆளைப் பற்றிய சேதி மாட்டின் வரியில் ஏறக் கூடாது. மூன்று எருமை வரியில் மூன்று தடவை எழுதி ஒன்றை மட்டும் திருத்தியதால்தான் சமுத்திரம் இரண்டானார், மாடு இல்லாததால்தான் வாத்தியார் குரல் இழந்தார், ஆடு போனதும் கோவில்பிச்சையும் போனார். தெருவைப் பற்றிய சேதி ஆளின் பக்கத்தில்கூட ஏறக் கூடாது. தெற்குத் தெருவின் முகாம் இடம் பாதி வரியில் பள்ளிக்கூடம் என்றும் பாதி வரியில் புளியமரம் என்றும் இருந்ததால்தான் மேசை பிளந்தது. எதையும் ஒரே இடத்தில், ஒரே தடவை, முழுசாக எழுத வேண்டும்; மற்ற இடங்களில் எல்லாம் அது இருக்கும் இடத்துக்கு வழி காட்டினால் போதும். அவ்வளவுதான் அந்தப் பாடம். இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகையாகவும் வந்தது, கோபமாகவும் வந்தது.

அவள் கடைக்குப் போய் நான்கு நோட்டு வாங்கி வந்து அட்டை போட்டாள். ஆட்கள் நோட்டு, உருப்படி நோட்டு, தெரு நோட்டு, ஊசி நோட்டு.

அருளப்பன் நான்கையும் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். "ஒண்ணா இருந்ததை நாலாக் கிழிக்க. நாளைக்கு இதுல ஒண்ணு தொலைஞ்சா?"

"கிழிக்கல சார். ஆளுக்கெல்லாம் ஒரு நம்பர். மாட்டு வரியில ஆள் பேரை எழுதாம அந்த நம்பரை மட்டும் எழுதுதோம். மாட்டை அடிச்சா மாடுதான் போகும். ஆள் தன் நோட்டுல தன் வரியில இருப்பாவ."

"எங்க, முப்பத்தாறாம் உருப்படி யாருதுன்னு சொல்லு பாப்போம்."

உலகு மாதிரிக்காக எழுதி வைத்திருந்த உருப்படி நோட்டைப் புரட்டினாள், நம்பரைப் பார்த்தாள், ஆட்கள் நோட்டைப் புரட்டினாள், பேரைச் சொன்னாள்.

"பத்து செகண்டு" என்றார் அருளப்பன். "நான் விரலை வெச்சா ஒரு செகண்டு. இருபத்திரண்டு வருசமா ஒரு செகண்டு."

உலகு தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, குனிந்தபடியே, தன் குரலா என்று தனக்கே சந்தேகமாகிற அளவுக்குத் தெளிவாகச் சொன்னாள்: "கோவில்பிச்சை மாமாவுக்கு அந்தப் பத்து செகண்டைக் குடுத்திருக்கலாம்லா சார்."

அருளப்பன் மேசை டிராயரைத் திறந்தார்; உள்ளே இருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தார்; மூடினார். "டாக்டரம்மாகிட்ட முத்திரை வாங்கு. முத்திரை இல்லாத நோட்டு வெறும் தாளு" என்றார். பிறகு, "நான் வாசிக்கேன், நீ எழுது. என் கையெழுத்து உனக்குப் பாதி புரியாது" என்றும் சொன்னார்.

டாக்டரம்மா நான்கு நோட்டிலும் முதல் பக்கத்தில் முத்திரை குத்தினார். ஆனால் ஊர் இலகுவாக இணங்கவில்லை. புது நோட்டில் ஏறினால் கோவில்பிச்சை மாதிரிக் குறைந்துபோவோமோ என்று எல்லோருக்கும் பயம். அதைவிடப் பெரிய வருத்தம் நம்பர்.

"எம்மாட்டுப் பக்கத்துல எம்பேரு இருக்காதா? நாப்பத்தொம்பது, அம்பதுன்னு ஏதாச்சும் ஒரு நம்பருதான் இருக்குமா?" என்று கிணற்றுத் தெருச் சமுத்திரம் கேட்டார்.

"உங்க பேரு உங்க வரியில இருக்கும் மாமா. ஒரே இடத்துல."

"மூணு இடத்துல இருந்த பேரு வே இது" என்றார் தெற்குத் தெருச் சமுத்திரம், மற்றவரைப் பார்த்து.

"மூணு இடத்துல இருந்துதான் நீரு வந்து சேந்தீரு" என்றார் மற்றவர்.

முதல் ஆளாக வந்தது ஜெபராஜ் வாத்தியார். கக்கத்தில் வாத்தோடு வந்தார். "என்னைப் பத்தி இந்த ஊருக்குத் தெரிஞ்சதே கொஞ்சந்தான். குறையறதுக்கு ஒண்ணுமில்ல, எழுதும்மா" என்றார். ஆட்கள் நோட்டில் ஒன்றாம் எண்ணாக, மாடும் வாத்தும் இல்லாத வெறும் மனிதராக, அவர் எழுதப்பட்டார். வாத்தை வாசலில் இறக்கிவிட்டு வெளியே போனவர், தெருமுனையில் போன ஒரு பையனை மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பையன் திரும்பிப் பார்த்தான். வாத்தியார் தன் குரலை நம்பாமல் அவனை இன்னும் மூன்று தடவை கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு உலகு வீடு வீடாகப் போனாள். ரிஜிஸ்தரை நம்பவில்லை, ஆளைப் பார்த்து, பேரைக் கேட்டு, எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அடுப்பங்கரை வாசல்வரை போய்ப் பார்த்து எழுதினாள். மழையில் போனாள், வெயிலில் போனாள், நாய் விரட்டிய தெருவுக்கு மறுபடியும் போனாள். அருளப்பன் குடையையும் பழைய ரிஜிஸ்தரையும் பிடித்துக்கொண்டு கூடவே வந்து வரி வரியாக வாசித்தார். தான் எழுதியது தவறு என்று தெரிந்த இடங்களில் தொண்டையைச் செருமிவிட்டு, "அதை நீ பாத்தபடி எழுதிக்க" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் எழுதும் முன்பு தப்பாகிவிடுமோ என்று உலகுவின் கை ஒரு கணம் நின்றது, நின்றுவிட்டு எழுதியது. எழுதியதை வாசித்துக் காட்டினாள். வாசித்துக் காட்டியதை இன்னொரு தடவை சரிபார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு பேர். தன் அம்மாவை எந்த இடத்தில் எழுதுவது என்று அவளுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் எழுதினால் தன் வீட்டுக்காகத்தான் இத்தனையும் என்பார்கள், பின்னால் தள்ளினால் மாடு காத்திருக்குமா தெரியாது. கடைசியில் மேலத் தெருவின் வரிசையில் எந்த இடம் வந்ததோ அந்த இடத்தில் எழுதினாள்: எண் நூற்றுப் பதினெட்டு, சொர்ணம், மேலத் தெரு.

எட்டாம் நாள் பழைய ரிஜிஸ்தரை மூட வேண்டும். இரண்டும் சேர்ந்து திறந்திருந்தால் மறுபடியும் குழப்பம்தான் என்று உலகு சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள், சமுத்திரம். அவருக்கு வரி ஒன்று, ஆள் இரண்டு.

"ரெண்டு மாமாவும் மன்னிக்கணும்" என்றாள் உலகு. "அடுப்பு எரியறது கிணத்துத் தெருவுல."

தெற்குத் தெருச் சமுத்திரம் துண்டை உதறித் தோளில் போட்டார். "அங்க முருங்கை பூ விட்டிருக்கு. நான்தான் தண்ணி ஊத்துனேன்" என்றார், யாரிடமும் அல்லாமல்.

"நான் ஊத்துதேன் வே" என்றார் கிணற்றுத் தெருச் சமுத்திரம். "இங்க வந்து உக்காரும்."

அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர் பெண்டாட்டி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உலகு எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது பெஞ்சில் ஒருவர்தான் இருந்தார். ஆனால் அவர் உடனே எழுந்து, யாரையும் பார்க்காமல், தெற்குத் தெருப் பக்கமாக முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். டாக்டரம்மா பழைய ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில் "மூடப்பட்டது" என்று எழுதி முத்திரையை அழுத்தினார். கீழத் தெருவிலிருந்து ஒரு சேவல் தனியாகக் கூவுவது கேட்டது. குளத்தங்கரையில் நின்ற மேசைக்கால்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று யாரோ ஓடி வந்து சொன்னார்கள்.

யாரும் குறையவில்லை. கோவில்பிச்சைக்கு மட்டும், புது நோட்டில் ஏறியும், போனது திரும்பவில்லை. மனோன்மணி அவரைத் தினமும் வாசலில் உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒரு சேதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் "அப்படியா தாயி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சிவப்பி மூச்சை நிறுத்தியது. ஆனால் விழவில்லை. ஒரு வாரமாக எழுந்திருக்க முடியாமல் கிடந்த மாடு, உருப்படி நோட்டில் அதன் வரி அப்படியே இருந்ததால், மெல்ல எழுந்து, நான்கு காலையும் அகற்றி ஊன்றி, இமைக்காத கண்ணோடு நின்றது.

உலகு நோட்டோடு ஓடி வந்தாள். பின்னாலேயே அருளப்பன் வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா வந்தார். சொர்ணம் சிவப்பியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத" என்று அருளப்பன் தாழ்ந்த குரலில் சொன்னார். "எழுதிப் பாத்தாச்சு, சேத்துப் பாத்தாச்சு. புது நோட்டுல இன்னும் யாரும் அடிச்சுப் பாக்கல. பாதிக் கோடு முழுக் கோடா ஊர்ந்து போனதை நான் கண்ணால பாத்தவன்."

"எனக்கும் அதான் சார் பயம்."

"வேற யாருடைய உருப்படியாவது சாகட்டுமே. அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் இது நிக்கணுமா?" என்றாள் சொர்ணம். "வேற ஒருத்தர் தலையில சோதிச்சுப் பாக்கணுமா? ஏட்டி, உலகு. நீ சரியாத்தான் எழுதுனியா?"

உலகு ஆட்கள் நோட்டைத் திறந்து நூற்றுப் பதினெட்டைப் பார்த்தாள். உருப்படி நோட்டைத் திறந்து சிவப்பியின் வரியைப் பார்த்தாள். பசு, செந்நிறம், வயது பதினாறு, சொந்தக்காரர் எண் நூற்றுப் பதினெட்டு. அந்த வரியில் சொர்ணம் என்ற பேர் எந்த மூலையிலும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பேர் இல்லை. வழி மட்டும் இருந்தது.

"சரியாத்தான் எழுதுனேன்மா."

"அப்போ போடு."

அருளப்பன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அவருக்குக் கை வரவில்லை. உலகு அதை வாங்கி, தொழுவத்து மண்ணில் மண்டியிட்டு, நோட்டை முழங்காலில் வைத்து, வரியின் இடது ஓரத்தில் முனையை ஊன்றினாள். அம்மாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். ஆனால் பார்த்துக்கொண்டேதான் போட்டாள். அதனால் கோடு வளைந்தது. சிவப்பி என்ற பேரைக் கடந்தது, நிறத்தைக் கடந்தது, வயதைக் கடந்தது, நூற்றுப் பதினெட்டைக் கடந்து தாளின் ஓரத்தில் வந்து நின்றது.

சிவப்பியின் கால்கள் மடிந்தன. முதலில் முன்னங்கால், பிறகு பின்னங்கால், படுத்து அசை போடப் போகிறதுபோல நிதானமாகச் சரிந்து, தலையைத் தரையில் வைத்தது. அதன் கண் மூடியது. கழுத்தைக் கட்டியிருந்த இரண்டு கைகளும் அதோடு கூடவே கீழே இறங்கின. இறங்கி, மண்ணைத் தொட்டு, அங்கேயே இருந்தன. கைக்கு மேலே தோள் இருந்தது. தோளுக்கு மேலே முகம் இருந்தது. முகம் அழுதுகொண்டிருந்தது.

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். உலகு கோட்டையே பார்த்தாள், அது ஊர்கிறதா என்று, அது ஊரவில்லை. ஆட்கள் நோட்டைத் திறந்து பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு நீல மையில் எழுதியது எழுதியபடி இருந்தது. ஆனாலும் அவளுக்குத் தாளை நம்பத் தோன்றவில்லை. தவழ்ந்து போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக, வியர்வையாக, எலும்பும் நரம்புமாக இருந்தது.

"அம்மா, நான் யாரு?"

சொர்ணம் மூக்கைச் சிந்தி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, முழங்கால் சத்தம் போட எழுந்து நின்றாள். மேற்கே மேகம் கறுத்துவருவதைப் பார்த்தாள். பிறகு, மண்டியிட்டு வாய்பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"யாரா? பதினோரு வயசு வரைக்கும் பாயில ஒண்ணுக்குப் போனவ. எந்திரிட்டி. மழைக்கு முந்திக் குழி வெட்டணும், மண்வெட்டியை எடு."

டாக்டரம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். உலகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி, வேலியோரம் முதல் வெட்டு வெட்டினாள். ஈர மண் பொலபொலவென்று பெயர்ந்தது.

"அங்க இல்லட்டி" என்று பின்னாலிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது. "அது தண்ணி போற வழி. இன்னும் ரெண்டு எட்டு தள்ளி வெட்டு."

உலகு இரண்டு எட்டு தள்ளி நின்று வெட்டினாள்.